கை தூக்கினால் வோட்டு ஆகிவிடுமா?

டிஸ்கி: பிட்காயின் வாங்கச் சொல்லியோ விற்கச் சொல்லியோ எழுதப்பட்ட பதிவு இல்லை இது. விலை ஏறுமா இறங்குமா என்று தேடி வந்தவர்கள் இப்படியே எஸ்கேப் ஆகிவிடலாம் :-)

பிட்காயினில் ஏதாவது மாற்றம் வருகிறது என்றால் போதும், உடனே ஒரு செய்தி வந்துவிடும். மைனர்களில் இத்தனை சதவீதம் பேர் ஆதரவு தெரிவித்துவிட்டார்கள், இன்னும் இத்தனை சதவீதம் வந்தால் மாற்றம் நிறைவேறிவிடும் என்று. பக்கத்திலேயே தேர்தல் முடிவு மாதிரி ஒரு பட்டைப் படம், பச்சை நிறம் ஏறிக்கொண்டே போகும். படிக்கிறவர்களும் அடடா, என்ன ஒரு ஜனநாயகம் என்று புளகாங்கிதம் அடைந்துவிட்டு அடுத்த செய்திக்குத் தாவிவிடுவார்கள்.

அது ஜனநாயகமும் இல்லை, வோட்டும் இல்லை. அதை வோட்டு என்று சொல்லிச் சொல்லியே, எந்த அதிகாரமும் இல்லாதவர்கள் கையில் ஒரு வீட்டோவைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அவர்களிடமே போய்க் கெஞ்சிய கதை ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் யார் யாருக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம்.

பிட்காயின் என்பது 2009 ஜனவரியில் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவரோ பலரோ ஆரம்பித்து வைத்த ஒரு பேரேடு. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும், அந்தப் பக்கத்துக்குத்தான் பிளாக் என்று பெயர். மின்சாரத்தைக் கொட்டிக் கணக்குப் போட்டு முதலில் ஜெயிக்கிற மைனர் அந்தப் பக்கத்தை எழுதுவார். கூலியாகப் புதுக் காயின் கிடைக்கும். ஆரம்பத்தில் பக்கத்துக்கு 50 காயின், பாதி பாதியாகக் குறைந்து 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. இப்படி எழுதி வந்த பக்கத்தை வாங்கி, வரி வரியாகச் சரிபார்த்து, விதிப்படி இல்லையென்றால் தூக்கிக் கடாசுவது நோட்டின் வேலை. நோட் என்பது யார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய ஒரு மென்பொருள், அவ்வளவுதான். அதற்குச் சல்லிக்காசு கூலி கிடையாது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் மைனர் கணக்கெழுதுபவர், நோட் ஆடிட்டர். கணக்கெழுதுபவர் இல்லாமல் கம்பெனி ஓடாது, வாஸ்தவம்தான். அதற்காக எது வரவு, எது செலவு என்பதை அவர் வோட்டுப் போட்டா முடிவு செய்வார்?

சரி, சிக்னல் எங்கே வருகிறது? சாஃப்ட் ஃபோர்க் என்று ஒன்று உண்டு. இருக்கிற விதியைக் கொஞ்சம் இறுக்குவது. முன்பு செல்லுபடியான சில விஷயங்கள் இனிமேல் செல்லாது என்று ஆக்குவது. புதிய மென்பொருளுக்கு மாறாத பழைய நோட்டுகளுக்கு இந்த இறுக்கம் தெரியாது. அவை பழைய விதிப்படியே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மைனர்களில் பெரும்பான்மை புதிய விதிப்படி எழுதினால் அந்தச் சங்கிலிதான் நீளமாக வளரும், பழைய நோட்டுகளும் அதன் பின்னாலேயே வந்துவிடும். குழப்பம் இல்லாமல் மாறுவதற்கு, எத்தனை மைனர்கள் தயார் என்று தெரிந்தால் நல்லது. அதற்காக வந்ததுதான் சிக்னல்.

கல்யாணப் பந்திக்கு எத்தனை இலை போடுவது என்று சமையல்காரர் கேட்பார் இல்லையா, அந்த மாதிரி ஒரு கேள்வி. வருகிறவர்களைத் தெரிந்துகொள்ளக் கேட்டது. கல்யாணம் நடக்கலாமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் இது ரொம்பக் கைவேலையாக இருந்தது. 2012-இல் பி.ஐ.பி. 16 என்ற மாற்றம் வந்தபோது (பி.ஐ.பி. என்றால் பிட்காயின் மேம்பாட்டுக்கான முன்மொழிவு), பிளாக்கின் முதல் பரிவர்த்தனையில் மைனர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும் இடத்தில் ஒரு சொல்லை எழுதச் சொன்னார்கள். 55 சதவீதம் வந்தால் போதும் என்றார் கேவின் ஆண்ட்ரசன். அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் விதி அமலுக்கு வந்தது. பிற்பாடு பிளாக்கின் தலைப்பில் இருக்கும் வெர்ஷன் எண்ணைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். கடைசியில் பி.ஐ.பி. 9 வந்தது. அந்த எண்ணில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பிட். அதை 1 ஆக்கினால் நான் தயார் என்று அர்த்தம். 2016 பிளாக் கொண்ட ஒரு சுற்றில் (சுமார் இரண்டு வாரம்) 95 சதவீதம், அதாவது 1916 பிளாக்கில் அந்த பிட் எரிந்தால் மாற்றம் உறுதி.

ஒரு பிட். அதை எரிய வைக்கக் காசும் தேவையில்லை, மென்பொருளை மாற்றவும் தேவையில்லை. எரிய வைத்தவர் சொன்னபடி நடக்கிறாரா என்று சோதிக்கவும் வழியில்லை. உறுதிமொழிப் பத்திரத்துக்குக்கூட ஸ்டாம்ப் பேப்பர் வேண்டும்!

இந்த ஓசி உறுதிமொழியின் லட்சணம் 2015-இலேயே சந்தி சிரித்தது. டிஜிட்டல் கையெழுத்துகளை எழுதும் முறையைக் கறாராக்கும் பி.ஐ.பி. 66 என்ற சின்ன மாற்றம். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கடைசி 1000 பிளாக்கில் 950 பிளாக் புது வெர்ஷனில் வந்தால் அமல் என்று ஏற்பாடு. வந்தது. ஜூலை 4 அன்று விதி அமலுக்கும் வந்தது. கொஞ்ச நேரத்திலேயே, மாறாமல் இருந்த மிச்சம் 5 சதவீதத்தில் ஒரு சின்ன மைனர் பழைய வெர்ஷனில் ஒரு பிளாக்கை எழுதிவிட்டார். புது விதிப்படி அது செல்லாது. தயார் என்று கை தூக்கிய 95 சதவீதமும் அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. மைனிங் சக்தியில் கிட்டத்தட்ட பாதி, அந்தச் செல்லாத பிளாக்கின் மேலேயே அடுத்தடுத்த பிளாக்குகளை எழுதத் தொடங்கியது. காரணம் ரொம்பச் சாதாரணம். புது பிளாக் வந்ததும் அதை முழுசாக இறக்கிச் சரிபார்க்கச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளில் மெஷின் சும்மா இருந்தால் மின்சாரக் காசு நஷ்டம். அதனால் சில பெரிய பூல்கள், எதிராளி என்ன பிளாக் கண்டுபிடித்தான் என்று ஒட்டுக்கேட்டு, அதன் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் மேலே எழுதிக்கொண்டிருந்தன. புது விதியை அமல்படுத்துவேன் என்று வெர்ஷன் எண்ணில் சத்தியம் செய்தவர்கள், எந்த விதியையும் பார்க்காமலே வேலை செய்துகொண்டிருந்தார்கள்!

அந்தச் செல்லாத கிளை 6 பிளாக் நீளம் வளர்ந்தது. பெரிய தொகை வாங்கினால் 6 பிளாக் வரை பொறுத்திரு, அப்புறம் பயமில்லை என்பது பிட்காயின் உலகில் பால்பாடம். அதே 6. பிளாக்குக்கு 25 காயின் கூலி இருந்த காலம் அது, ஆகவே மைனர்களுக்கு 150 காயின் கூலி காற்றில் போயிற்று. அடுத்த நாளே இன்னொரு கிளை, 3 பிளாக். வழக்கத்தைவிட 30 பிளாக் கூடுதலாகக் காத்திருங்கள் என்று பயனர்களுக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் சொந்தமாகப் புது மென்பொருளில் நோட் ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கம்ப்யூட்டர் அந்தப் பிளாக்கைப் பார்த்த உடனே குப்பையில் போட்டுவிட்டது. 95 சதவீதத்தை நம்பி, சரிபார்க்காத வாலட் வைத்திருந்தவர்தான் மாட்டிக்கொண்டிருக்கக் கூடியவர்.

இதாவது அலட்சியம். 2016, 2017-இல் நடந்தது அலட்சியம் இல்லை, பேரம்.

செக்விட் என்ற மாற்றம். ஒரு பரிவர்த்தனையின் அடையாள எண்ணை, அது பிளாக்கில் ஏறுவதற்கு முன் வேறு யாராவது மாற்றிவிட முடியும் என்ற பழைய ஓட்டையை அடைப்பது இதன் முக்கிய வேலை. கையெழுத்துகளைத் தனியே பிரித்து வைப்பதால் பிளாக்கில் இடமும் கொஞ்சம் கூடும். லைட்னிங் போன்ற அடுத்த அடுக்கு வசதிகளுக்கும் இது வழிவிடும். 2016 அக்டோபரில் மென்பொருள் வெளிவந்து, நவம்பர் 15 முதல் சிக்னல் எண்ணிக்கை தொடங்கியது. ஒரு வருடம் கெடு. 95 சதவீதம் வேண்டும்.

மாதக் கணக்காக எண்ணிக்கை 30 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே சண்டித்தனம் செய்தது. ஏன்? பிளாக் அளவை நேரடியாகவே கூட்ட வேண்டும் என்று ஒரு பெரிய கோஷ்டி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கோரிக்கை முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. பிளாக்குகள் நிரம்பி வழிந்தன, கட்டணம் எகிறியது. 2017 டிசம்பரில் ஒரு பரிவர்த்தனைக்குச் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டிய நாள்கூட உண்டு. ஆனால் அதற்கும் செக்விட்டுக்குத் தயாரா என்ற கேள்விக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அது கிடைத்தால்தான் இதற்குத் தயார் என்று சொல்வேன் என்றால், அது பதில் இல்லை, விலை. (அஸிக்பூஸ்ட் என்ற குறுக்குவழியில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கு செக்விட் இடைஞ்சல், அதனால்தான் எதிர்ப்பு என்ற சந்தேகத்தை 2017 ஏப்ரலில் கிரெகரி மேக்ஸ்வெல் கிளப்பினார். மெஷின் தயாரிக்கும் பிட்மெயின் நிறுவனம், நடப்புச் சங்கிலியில் தாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்று மறுத்தது.)

95 சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். 2016-இல் 101 பிளாக் சும்மா இருந்தால் போதும், மாற்றம் நிற்கும். இந்தியக் கம்பெனிச் சட்டத்தில் சிறப்புத் தீர்மானத்துக்கே முக்கால் பங்கு வோட்டுதான் தேவை. அங்கே வோட்டுப் போடுகிறவர் கம்பெனியில் சொந்தப் பணம் போட்டுப் பங்கு வைத்திருப்பவர். இங்கே கை தூக்குகிறவர் ஒரு காயின்கூடக் கையிருப்பு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர். வந்த கூலியை அன்றைக்கே விற்று கரண்ட் பில் கட்டிவிட்டுப் போகலாம். அவரும்கூட நேரடியாகக் கை தூக்குவதில்லை. மெஷின் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான பேர் பூல்களில் சேர்ந்திருக்கிறார்கள், பிட்டை எரிய வைப்பதும் அணைப்பதும் பூல் நடத்துகிறவர். ஆக மொத்தம் ஒரு சின்ன அறைக்குள் அடங்கக்கூடிய ஆட்கள்.

இதைப் பார்த்து வெறுத்துப் போன ஒரு கூட்டம், ஷாவோலின் ஃப்ரை என்ற புனைபெயர்க்காரர் 2017 மார்ச்சில் முன்வைத்த பி.ஐ.பி. 148-ஐக் கையில் எடுத்தது. ஆகஸ்ட் 1 முதல், செக்விட்டுக்குச் சிக்னல் காட்டாத பிளாக்கை எங்கள் நோட் ஏற்காது. அவ்வளவுதான் விஷயம். மைனர் எழுதலாம், ஆனால் வாங்க ஆள் இல்லை. யூ.ஏ.எஸ்.எஃப். என்று எழுதிய ராணுவத் தொப்பிகளை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். மைனர் பலம் என்று பார்த்தால் அவர்கள் பக்கம் சொற்பம்தான், பலரும் கேலி செய்தார்கள்.

இன்னொரு பக்கம் மே 23 அன்று நியூயார்க் ஒப்பந்தம். 22 நாடுகளைச் சேர்ந்த 58 கம்பெனிகள், மைனிங் சக்தியில் 83.28 சதவீதம் (தசமத்துக்குப் பிறகு இரண்டு இடம் வரை துல்லியம், ஹி ஹி). செக்விட்டையும் கொண்டுவருவோம், ஆறு மாதத்துக்குள் பிளாக் அளவையும் இரட்டிப்பாக்குவோம் என்று கையெழுத்து. பிட்காயின் வைத்திருக்கும் சாமானியர் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் வந்தது ஜூலை. ஆகஸ்ட் 1 நெருங்க நெருங்க, 336 பிளாக்கில் 269 வந்தால் போதும் என்ற பி.ஐ.பி. 91-க்குச் சிக்னல் மளமளவென்று ஏறி, ஜூலை 21-இல் உறுதியானது. அதன் வழியாக ஆகஸ்டில் செக்விட்டும் உறுதியாகி, ஆகஸ்ட் 24-இல் 481824-ஆவது பிளாக்கில் அமலுக்கு வந்தது. தொப்பிக்காரர்கள் எங்களால்தான் என்கிறார்கள், ஒப்பந்தக்காரர்கள் எங்களால்தான் என்கிறார்கள். அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். எட்டு மாதமாகத் தயாராக இல்லாதவர்கள் சில நாட்களில் எப்படித் தயாரானார்கள்? செக்விட்டின் விதி நவம்பரில் இருந்ததுதான் ஜூலையிலும் இருந்தது. அப்படியானால் அந்த எட்டு மாதமும் அணைந்து கிடந்த பிட், தயார் நிலையைப் பற்றி ஒரு தகவலும் சொல்லவில்லை. பேரம் படியவில்லை என்பதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்தவர்கள் யார் என்றால், ஆச்சரியமாக இருக்கும், பிட்காயின் கேஷ்காரர்கள். பெரிய பிளாக்தான் வேண்டும் என்று ஆகஸ்ட் 1 அன்றே தனிச் சங்கிலி கண்டு போய்விட்டார்கள். வேறு விதி வேண்டும் என்பவர் வேறு விதியை ஓட்டினார். யார் சரி என்பதைச் சந்தை பார்த்துக்கொள்ளும்.

ஒப்பந்தத்தின் மறுபாதி என்ன ஆயிற்று? அதுதான் காமெடி. பிளாக் அளவை இரட்டிப்பாக்கும் 2எக்ஸ் நவம்பரில் நடக்க வேண்டும். எண்பது சதவீதத்துக்கு மேல் பிளாக்குகள், மாதக் கணக்கில், நியூயார்க் ஒப்பந்தத்தின் சுருக்கெழுத்தைத் தாங்கி வந்துகொண்டிருந்தன. பட்டைப் படம் முழுக்கப் பச்சை. வோட்டு என்றால் இதுதானே அமோக வெற்றி? ஆனால் நோட் ஓட்டுகிறவர்கள் மாறவில்லை. 2எக்ஸ் வேண்டாம் என்று ட்விட்டரில் பெயருக்குப் பின்னாலேயே போர்டு மாட்டிக்கொண்டார்கள். பிட்ஃபினெக்ஸ் சந்தையில் இன்னும் பிறக்காத இரண்டு காயின்களையும் முன்கூட்டியே வியாபாரம் செய்ய விட்டார்கள். 2எக்ஸ் காயின் மற்றதன் விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் போனது. நவம்பர் 8 அன்று மைக் பெல்ஷி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், 6 பேர் கையெழுத்து. போதுமான ஒருமித்த கருத்து இல்லை, திட்டம் கைவிடப்படுகிறது. 2எக்ஸ் மென்பொருளை நம்பி ஓட்டிக்கொண்டிருந்த நோட்டுகள், பெரிய பிளாக்கை யாரும் எழுதித் தராததால் அப்படியே நின்றுபோயின. மைனர்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் கை தூக்கிய மாற்றத்துக்கு ஒரு பிளாக்கூட வரவில்லை.

2021-இல் வந்த டேப்ரூட்டுக்கு எதிர்ப்பே இல்லை. மூன்று மாதக் கெடு, 2016-இல் 1815 பிளாக், அதாவது 90 சதவீதம். மே மாதம் ஆரம்பித்து ஜூன் 12-க்குள் உறுதி, நவம்பர் 14-இல் அமல். சுபம். ஆனால் அமலுக்கு வந்த அன்று பார்த்தால், சிக்னல் காட்டிய சில பெரிய பூல்களின் பிளாக்கில் டேப்ரூட் செலவுகள் ஏறவே இல்லை. நோட்டைப் புதுப்பிக்கவில்லையாம். ஆறு வருடத்துக்கு முந்தைய ஜூலை 4 ஞாபகம் வருகிறதா?

எதிர்க்கேள்விகள் உண்டு. சதோஷியே தன் கட்டுரையில் வோட்டு என்ற சொல்லைத்தானே பயன்படுத்தினார் என்பார்கள். பயன்படுத்தினார். எது செல்லும் பிளாக் என்று ஏற்றுக்கொண்டு அதன்மேல் வேலை செய்வதைத்தான் அப்படிச் சொன்னார். அது செலவு வைக்கிற காரியம், தப்பினால் கூலி போகும். இலவச பிட்டை எரிய வைப்பதைப் பற்றி அவர் பேசவில்லை. தவிர, அவர் எழுதிய காலத்தில் நோட் ஓட்டுகிறவரும் மைனரும் ஒரே ஆள்.

கனமான கேள்வி வேறு. நோட்டை எண்ண முடியாது. ஒரே ஆள் ஆயிரம் நோட்டை வாடகைக் கம்ப்யூட்டரில் ஓட்டிவிட்டு நாங்கள் ஆயிரம் பேர் என்று கணக்குக் காட்டலாம். மைனிங்கை அப்படி ஏமாற்ற முடியாது, அதனால்தானே மைனரைக் கேட்கிறோம்? சரிதான். ஆனால் எண்ணச் சுலபமானது என்பதற்காக அதையே அளவுகோலாக்கினால், தொலைத்தது ஓரிடம், வெளிச்சம் இருக்கிறது என்று தேடுவது வேறிடம் என்ற கதையாகிவிடும். காயினை வாங்கிக்கொண்டு பொருளோ பணமோ தருகிறவரின் நோட்டுக்குத்தான் பலம். வாடகைக் கம்ப்யூட்டரில் சும்மா ஓடுகிற ஆயிரம் நோட்டுக்கு எந்தப் பலமும் இல்லை. மைனர்களில் பெரும்பான்மை சேராமல் சாஃப்ட் ஃபோர்க் செய்தால் சங்கிலி இரண்டாகும் ஆபத்து இருக்கிறது என்பதும் உண்மை. தொப்பிக்காரர்கள் அந்தச் சூதாட்டத்தைத்தான் ஆடினார்கள். இலை எண்ணிக்கை கேட்பதில் தப்பே இல்லை. வரமாட்டேன் என்ற விருந்தாளிக்காக முகூர்த்தத்தைத் தள்ளி வைத்ததுதான் தப்பு.

இன்னும் சங்கடமான சமாச்சாரம், காயின் வைத்திருப்பவர்களில் ஏகப்பட்ட பேர் அதை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் இ.டி.எஃப். அனுமதி வந்த பிறகு, சாவியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பிட்காயின் வைத்திருப்பவர்களும் சேர்ந்துவிட்டார்கள். இவர்கள் சார்பாக எந்த விதியை நோட் சரிபார்க்கும் என்பதை அந்தக் கம்பெனிதான் தீர்மானிக்கும். அடுத்த முறை ஒரு நியூயார்க் ஒப்பந்தம் வந்தால் அறையில் மைனர்களைவிட இவர்கள்தான் அதிகம் உட்கார்ந்திருப்பார்கள். 2017-இல் அந்த ஒப்பந்தத்தைக் கவிழ்த்தவர்கள் சொந்த நோட், சொந்தச் சாவி வைத்திருந்தவர்கள். ஒரு நோட் ஓட்டப் பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம், ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு டெராபைட்டுக்குக் குறையாத டிஸ்க்கும் பொறுமையும் போதும். பட்டைப் படத்தை முறைத்துப் பார்ப்பதைவிட அது உருப்படியான வேலை.

அந்த வெர்ஷன் எண்ணின் கதையையும் சொல்லிவிடலாம். அஸிக்பூஸ்ட்டை ஒளிவுமறைவில்லாமல் செய்வதற்கு வசதியாக, அதில் 16 பிட்டுகளை மைனர்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பி.ஐ.பி. 320 ஒதுக்கி வைத்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மெஷின்கள் அந்த பிட்டுகளை விநாடிக்கு எத்தனையோ முறை புரட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்த நோட் மென்பொருள், ஏதோ தெரியாத புது விதிக்கு மைனர்கள் ஆதரவு திரட்டுகிறார்கள் போல என்று மிரண்டு, ஓட்டுகிறவர்களுக்கு எச்சரிக்கை மேல் எச்சரிக்கை விட்டது. யாரும் முன்மொழியாத மாற்றம், யாரும் போடாத வோட்டு. கடைசியில் அந்த எச்சரிக்கையையே மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.